காத்துக்கு ஒரு முழம்

சென்னம்மாள் வீட்டில் யாரும் சாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கார்த்திகை மாதக் கடைசியில் அவளுடைய ஓரகத்தி பாப்பாயி, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் பொத்தியபடி மரவள்ளிக்காட்டு வரப்பில் அழுதுகொண்டு வந்ததைப் பார்த்தவர்கள் வேறு மாதிரிதான் நினைத்திருப்பார்கள்.

அத்தனை அழுகைக்கும் காரணம் ஒரு களம்.

செம்மேட்டிலிருந்து வரும் பஸ் திணறித் திரும்பும் மலை வளைவில் இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே சரிவில் நடந்தால் சென்னம்மாளின் வீடு. அவள் புருஷன் அர்த்தனாரியும் அவன் அண்ணன் சின்னுசாமியும் பாகம் பிரித்துக்கொண்டபோது, மிளகுக்கொடி ஏறிய பலாமரங்கள் தம்பிக்கும், மேட்டில் கிடந்த அகலப் பாறை அண்ணனுக்கும் போயின. அன்றைக்குப் பெரிய வியாபாரத்தை முடித்துவிட்ட நினைப்பில் அர்த்தனாரி ஒரு உருண்டை களி கூடுதலாகத் தின்றான். பாறையில் என்ன காய்த்துவிடும் என்று கேட்டான். சென்னம்மாள், பதிலை அறுவடை வந்து சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

அறுவடை வந்து சொன்னது. அந்த ஊரில் சாமையைப் பாறையில் போட்டுத்தான் மாடு கட்டி மிதிக்க விடுவார்கள். வெறும் மண்ணில் மிதித்தால் சாமையும் மணலும் ஒன்றாகிவிடும். சாமையும் மணல் அளவே இருப்பதால், இரண்டையும் பிரிக்க மகாதேவனாலும் ஆகாது. பேளுக்குறிச்சிச் சந்தையில் வியாபாரி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போடுவான். பல்லில் நெறுக்கென்றால் போதும், அதன் பிறகு அவன் பேசுவது பேரமாக இருக்காது, துக்க விசாரணையாக இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் அண்ணன் பாறையில் முறைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. முதலில் அண்ணன் வீட்டுச் சாமை, அப்புறம் அவர்கள் கேழ்வரகு, அப்புறம் பாப்பாயியின் தம்பி வீட்டுத் தினை. போன வருஷம் சென்னம்மாளின் முறை வந்தபோது மழையும் கூடவே வந்தது. கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த கதிர் பச்சைப்பசேலென்று முளைவிட்டு நின்றது. பாப்பாயி மனசில் வஞ்சம் இல்லாதவள். ஆனால் வாயில் வந்ததை முழுங்கிப் பழக்கமும் இல்லாதவள்.

"இதைத் தொட்டியில வெச்சு வளத்தீன்னா ஊட்டு முன்னால அழகா இருக்கும் புள்ள," என்றாள்.

"இனி உங்க பாறையில எங்கால் படாதுக்கா," என்றாள் சென்னம்மாள்.

அதோடு இரண்டு வீட்டுப் பேச்சும் நின்றது. ஆண்கள் மட்டும் டீக்கடையில், வீட்டுக்குத் தெரியாமல், சிகரெட் பிடிக்கிற பையன்களைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

ரோஸ்லின் வந்தது அதற்குப் பிறகு. கீழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சிக்காகச் செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண். திருச்சிப் பக்கத்துக்காரி. மலைக் குளிருக்கு ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் யாருக்காவது களம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இலவசமாகத் தருவதாகச் சொன்னதால் யாரும் நம்பவில்லை. சென்னம்மாளும் நம்பவில்லை, ஆனால் உட்காரவைத்து வேகவைத்த மரவள்ளியும் மிளகாய்த் துவையலும் கொடுத்துக் கேட்டாள்.

இரும்பு உருக்குகிற ஆலையில் இரும்பை எடுத்த பிறகு மிஞ்சுகிற கிட்டம் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைப் பொடியாக்கி, மணல் கலந்து, ஈரத்தோடு தரையில் கெட்டித்தால் களம். சிமெண்டே வேண்டாம். இவ்வளவும் சென்னம்மாளுக்குப் புரிந்தது. சிமெண்ட் இல்லாமல் எப்படி இறுகும் என்பதுதான் புரியவில்லை.

"நாம மூச்சு விடுறோம், லாரி புகை விடுது, அடுப்பு எரியுது. அதுல எல்லாம் ஒரு காத்து இருக்கும்மா," என்றாள் ரோஸ்லின். "அது மேல சேரச் சேரத்தான் உலகம் சூடாகுது, மழை மாசம் தப்பி வருது. இந்தப் பொடி ஈரமா இருந்தா அந்தக் காத்தை இழுத்துக்கும். இழுத்துக்கிட்டுக் கல்லாயிடும். திரும்ப வெளிய விடாது."

"இழுத்தா விடாதுங்களா? அப்ப எங்க மச்சாண்டாராட்டம்," என்றாள் சென்னம்மாள், மேட்டில் சின்னுசாமியின் பாறையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு பேரம் நடந்தது. ரோஸ்லின் ஒரு கட்டில் அளவுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று வந்தவள். கட்டிலில் மாடு திரும்புமா என்று சென்னம்மாள் கேட்டாள். ஒரு ஜோடி மாடு திரும்பும் அளவுக்கு வந்து நின்றது. வேலையாள் கூலி வேண்டாம், நாங்களே கெட்டித்துக்கொள்கிறோம், அதற்குப் பதிலாகக் களத்தைச் சுற்றி ஒரு சாண் கரையும் வேண்டும் என்றாள். கரையும் வந்தது. ரோஸ்லின் தன் பங்குக்கு வைத்தது மூன்றே நிபந்தனை. காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். எதையும் போட்டு மூடக் கூடாது. அறுவடைக்கு முன் அவள் வந்து பார்க்கும்போது இறுகியிருக்க வேண்டும். இறுகாவிட்டால் உடைத்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள், ஏனென்றால் இறுகாத பொடி சாப்பிடுகிற தானியத்தில் கலக்கக் கூடாது.

ஆடி மாதத்தில் லாரி வந்து வளைவில் சாம்பல் நிறப் பொடியைக் கொட்டிவிட்டுப் போனது. தலைச்சுமையாக இறக்கினார்கள். புதுப் பொடி சுண்ணாம்பைப் போலக் காலைக் கடித்தது. காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, அர்த்தனாரி ஒரு பக்கமும் சென்னம்மாள் ஒரு பக்கமுமாகத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். சாரல் அடிக்கும், நிற்கும், மூடுபனி வந்து ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கட்டை விழும் சத்தத்தை வைத்து அவன் நின்றுவிட்டானா என்று அவள் கண்டுபிடிப்பாள். மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாப்பாயிக்குக் கேட்கட்டுமென்றே அவள் கட்டை கொஞ்சம் உரக்க விழுந்தது.

அதற்குள் தன் அக்காவுக்குப் பிரசவம் என்று ரோஸ்லின் ஊருக்குப் போனாள். பிறகு ஐப்பசி மழையில் பாதையில் மண் சரிந்தது. அவள் திரும்பி வந்தபோது கார்த்திகை பிறந்து, சாமை பழுத்துத் தலை சாய்த்திருந்தது.

களத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். சாம்பல் நிறத் தரையைக் காணோம். ஓரத்திலிருந்து ஓரம் வரை, பசுஞ்சாணம் கரைத்து வழித்த தரை, கை போன வளைவு வளைவான கோடுகளோடு பச்சையும் மஞ்சளுமாக மினுங்கியது. நடுவில் ஒரு கோலம் வேறு.

"என்னம்மா இது? மூடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"மூடவே இல்லீங்க அம்முணி. ஒரு சாக்குக்கூடப் போட உடலியே. இவரு மிளகு காயப்போட வந்தாரு, தொரத்தி உட்டுட்டேன்."

"சாணி?"

"அது மெழுகுனது," என்றாள் சென்னம்மாள். "வெள்ளிக்கு வெள்ளி மெழுகிட்டுத்தான் வாரேன். ஒரு வாரம் தப்புல."

அவள் குரலில் பெருமைதான் இருந்தது. களம் என்றால் மெழுகுவது. காலையில் பல் விளக்குவது போல. மெழுகுவதை மூடுவதோடு சேர்த்து எண்ணுகிற ஒருவர் உலகத்தில் இருப்பார் என்று அவளுக்கு மட்டுமல்ல, அந்த ஊரில் யாருக்குமே தோன்றியிருக்காது. குளித்தவனைப் பார்த்து, தண்ணீரைப் போர்த்திக்கொண்டாயா என்று யாராவது கேட்பார்களா?

ரோஸ்லின் குந்தி, ஓரத்தில் உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தாள். பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, உடைந்த முகத்தில் மருந்தைத் தெளித்தாள். தண்ணீர் போல இருந்த மருந்து, பட்ட இடத்தில் மேலிருந்து கீழ்வரை ரோஜாச் சிவப்பாக மாறியது.

"அட, அழகா இருக்குதே," என்றான் அர்த்தனாரி.

காற்றைக் குடித்த இடம் சிவக்காது, நிறம் மாறாமல் அப்படியே இருக்கும் என்று ரோஸ்லின் விளக்கினாள். இது முழுக்கச் சிவந்துவிட்டது. சாணத்துக்கு அடியில் காற்றே போகவில்லை. விரலால் சுரண்டியபோது துண்டிலிருந்து பொடி உதிர்ந்தது. அர்த்தனாரியின் முகத்திலிருந்து அழகு போய்விட்டது.

சென்னம்மாள் கோலத்தைப் பார்த்தாள். மேட்டில் பாறையைப் பார்த்தாள். பாறையில் அண்ணன் வீட்டுக் கதிர் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"ஒடைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

உடைக்கத்தான் வேண்டும் என்று சொல்ல வந்த ரோஸ்லின், கட்டை பிடித்துக் காய்த்துப்போயிருந்த அவள் கையைப் பார்த்துவிட்டு, மெழுகியதையெல்லாம் கழுவிவிட்டு இனிமேலாவது வெறுமனே விட்டால், ஈரமும் இருப்பதால், மேலாக ஒரு விரல்கனம் இறுகினாலும் இறுகலாம் என்றாள். அதற்குச் சில வாரம் ஆகும். சாமை சில வாரம் நிற்காது என்றான் அர்த்தனாரி. சென்னம்மாள் பேரத்துக்கு உட்கார்ந்தாள். அறுத்துப் போர் போட்டு மேலே புல் வேய்ந்து வைக்கிறேன், மார்கழி பிறந்து முதல் வெள்ளி வரை பொறுக்கிறேன், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. அன்றைக்கும் முழுக்கச் சிவந்தால் நானே கடப்பாரை எடுத்துக் கொடுக்கிறேன். ரோஸ்லின் ஒரு வாரம் கூடக் கேட்டாள். கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சென்னம்மாள் தானே தென்னை விளக்குமாற்றால் களத்தைத் தேய்த்துக் கழுவினாள். அர்த்தனாரி குடத்தில் ஊற்ற ஊற்றப் பச்சைத் தண்ணீர் மரவள்ளிக்குப் போனது. இத்தனை வெள்ளிக்கிழமையும் மரவள்ளிக்கு உரமாகத்தான் போயிற்று என்று அவன் ஆறுதல் சொன்னான். அவள் விளக்குமாற்றைத் தட்டி உதறிய வேகத்தில், அதற்கு மேல் அவன் ஆறுதல் சொல்லவில்லை.

வெறுங்களத்தைப் பார்க்க அவளுக்கே கூசியது. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஊர்ப்பக்கம், அறுப்புக் காலத்தில் ஒரு வீட்டுக் களம் மெழுகாமல் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, காரியம் முடியவில்லை. சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர்கள் பாதையில் நின்று களத்தைப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். கேட்டவர்களிடம் அவள் காத்து, கல்லு, கிட்டம் என்று சொல்லிப் பார்த்தாள். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இதே நேரத்தில் அர்த்தனாரி மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போயிருந்தான். போன இடத்தில் கடைவாய்ப் பல் வலித்து முகம் வீங்கி, அங்கேயே அக்கா வீட்டில் படுத்து, பல்லைப் பிடுங்கி, காது வழியாகத் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு வேனில் திரும்பினான். வலி மாத்திரை மயக்கம். பக்கத்து ஆள் தோளில் தலை சாய்ந்துவிட்டது. தாடை கட்டிய அர்த்தனாரியை வேனில் கொண்டுபோனதை வளைவில் ஒருத்தி பார்த்தாள். பார்த்தவள் மேட்டுக்குப் போனாள். மேட்டில் பாப்பாயி, கீழே மெழுகாத களத்தை வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். எந்தக் கணக்குப்பிள்ளையும் அதே விடைக்குத்தான் வந்திருப்பான்.

அப்படித்தான் அழுகை வரப்பில் இறங்கி வந்தது.

"என் கொழுந்தனே, ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே. பாறை பாறைன்னு உன்னைக் காக்க வெச்ச பாவி நானிருக்க, நீ போயிட்டியே சாமி."

வீட்டுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து, துண்டு கட்டிய தாடையோடு சாமைக் கஞ்சியை ஓரவாயால் உறிஞ்சிக்கொண்டிருந்த அர்த்தனாரி, யார் செத்தது என்று பார்க்க எழுந்து வந்தான். பாப்பாயி நிமிர்ந்தாள். தாடை கட்டியபடி கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு கொழுந்தன் நிற்கிறான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் வரப்பில் திரும்பி ஓடினார்கள். பாப்பாயி ஓடவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்து அவனையே பார்த்தாள்.

"பல்லுங்க அண்ணி," என்றான் அர்த்தனாரி, வாய் திறந்த மட்டும்.

பிறகு சென்னம்மாள்தான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பாப்பாயி குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

"உசுரோட இருக்கறவன் ஊட்டுக் களத்தை ஏன் புள்ள மொட்டையா போட்டு வெச்சிருக்கற?"

"அது பெரிய கதைக்கா. உக்காருங்க."

"அழுதது வீணாப் போச்சு," என்றாள் பாப்பாயி.

"வீணா ஏன் போவுது. அவரு இருந்து கேட்டாரில்ல. எத்தனை பேருக்கு அது அமையும்."

முதலில் சிரித்தது பாப்பாயிதான். அவள் சிரிக்க ஆரம்பித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். அர்த்தனாரி சிரிக்க முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று கையைக் காட்டினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு பாப்பாயி அந்த வீட்டில் சாப்பிட்டாள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. குழம்பில் உப்பு தூக்கல் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள். களத்தின் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, போருக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"உள்ள சுடுது புள்ள. இன்னி நாலு நாளு போனா பூசணம் புடிச்சிரும். எங்க பாறை காலியாத்தான் கெடக்குது. கதிரைக் கொண்டா."

சென்னம்மாள் தானும் கையை விட்டுப் பார்த்தாள். சூடு உண்மைதான். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். இனி என் கால் படாது என்று சொன்னதும் உண்மைதான். ஆனால் தன் புருஷனுக்காக அழுதுகொண்டு வந்தவளிடம் எந்த வீம்பைக் காட்டுவது? அவள் யோசித்தது கொஞ்ச நேரம்தான்.

"பாதி," என்றாள். "பாதி உங்க பாறைக்கு வரட்டும். பாதி என் களத்துக்கு இருக்கட்டும்."

"என்ன புள்ள, பொணத்துக்கு அழுதுட்டு வந்தவகிட்டக்கூடப் பேரமா?"

"பொணந்தான் இல்லியேக்கா."

மறுநாள் போரைப் பிரித்து, சூடேறிய உள்கட்டுகளைப் பாறைக்குச் சுமந்தார்கள். சின்னுசாமி மாட்டை ஓட்டினான். ஒரு வார்த்தை பழசு பேசவில்லை. தம்பியைப் பார்த்து, பல்லு எப்படி இருக்குது என்று மட்டும் கேட்டான். சென்னம்மாளின் கால் பாறையில் பட்டதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்க்காதது போலத் தூற்றினார்கள். மிஞ்சிய கட்டுகளைக் காற்றாட அவிழ்த்து அடுக்கி, திரும்பப் புல் வேய்ந்தாள். மழை இரண்டு முறை மிரட்டிவிட்டுத் தூறலோடு போனது. காலையில் எழுந்ததும் களத்துக்குத் தண்ணீர் தெளிப்பாள், கை சாணத்துக்குப் பரபரக்கும். புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

மார்கழி முதல் வெள்ளியன்று ரோஸ்லின் வந்தாள். பாப்பாயியும் வந்திருந்தாள். அர்த்தனாரி கடப்பாரையைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி வைத்தான். பேச்சுப் பேச்சாக இருக்கட்டும் என்று சென்னம்மாள் சொல்லியிருந்தாள். ரோஸ்லின் களத்தின் நடுவில் உளியை வைத்தாள். முதல் அடிக்குத் துண்டு வரவில்லை. இரண்டாவது அடிக்கும் வரவில்லை. பாப்பாயி சென்னம்மாளின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

பெயர்ந்த துண்டில் மருந்து தெளித்தார்கள். அடிப்பக்கம் சிவந்தது. சிவப்பு மேலே ஏறி வந்தது. மேலே ஒரு விரல்கனத்துக்குக் கீழே நின்றுவிட்டது. அதற்கு மேல் சாம்பல், வெறும் சாம்பல்.

ரோஸ்லின் விரலால் சுரண்டினாள். பொடி வரவில்லை. நகம்தான் தேய்ந்தது.

"இது போதும்மா. இறுகிடுச்சு. மிச்சம் மெதுவா குடிச்சுக்கும், வருஷக்கணக்கா."

சென்னம்மாள் குந்தி, உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவினாள். அர்த்தனாரி கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் வைத்துவிட்டு வந்தான்.

"இனி மெழுகலாமுங்களா?" என்று கேட்டாள் அவள்.

ரோஸ்லின் தயங்கினாள். அடியில் குடிக்க இன்னும் பாக்கி இருக்கிறது, மெழுகினால் நின்றுபோகும் என்றாள். மெழுகாமல் கதிர் ஏற்ற மாட்டேன் என்றாள் சென்னம்மாள். வேண்டுமானால் கதிர் அடிக்கிற நாட்களுக்கு மெழுகிவிட்டு மற்ற நாளில் கழுவிவிடுங்கள் என்று ரோஸ்லின் இறங்கி வந்தாள். அதற்குச் சரி என்றாயிற்று. ஆனால் ஒரு ஓரமாவது எப்போதுமே வெறுமனே இருக்க வேண்டும், அளந்து பார்க்க எனக்கு அது வேண்டும், ஒரு கட்டில் அகலம் விடுங்கள் என்றாள்.

"கட்டிலா? ஒரு சாண் உடறேன்."

"ஒரு சாணுல என்னம்மா பாக்கிறது? ரெண்டு முழம்."

"ஒரு முழம். அதுக்கு மேல கேட்டீங்கன்னா அக்காளைக் கூப்புட்டு ஒப்பாரி வெக்கச் சொல்லுவேன்."

ஒரு முழத்தில் முடிந்தது. யாருடைய முழம் என்று ரோஸ்லின் கேட்கவில்லை. சென்னம்மாள் தன் கையால் அளந்தாள். அவள் கை குட்டை. அதைக் கவனித்த ஒரே ஆள் பாப்பாயி, வாயில் வந்ததை அன்றைக்கு ஒருமுறை முழுங்கினாள்.

சாணம் பாப்பாயி வீட்டுப் பசுவினுடையது. தானே கூடையில் கொண்டுவந்து, தானே கரைத்தாள். இரண்டு பேரும் இரண்டு ஓரத்திலிருந்து வழித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் கோடும் கோடும் இடித்துக்கொண்ட இடத்தில், யார் வளைவு சரி என்று கொஞ்சம் தகராறு நடந்தது. காய்ந்ததும் கதிர் ஏறியது. அண்ணன் வீட்டு மாடு சுற்றியது. அள்ளிய சாமையைச் சென்னம்மாள் ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்றாள். நெறுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சிட்டிகை போட்டாள், சும்மாதான்.

அவள் தூற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் செம்மேட்டு பஸ்ஸுக்காக அந்த வழியே வந்தார். மெழுகிய களத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரத்தில் மெழுகாமல் கிடந்த பட்டையைக் கண்டதும் நின்றார். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, யாருங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"எல்லாரும் நல்லா இருக்கறோமுங்க," என்றாள் சென்னம்மாள், முறத்தை நிறுத்தாமல். "அது காத்துக்குப் பாகம் பிரிச்சு உட்டது."

அவர் அந்தப் பட்டையை மறுபடி பார்த்தார். பாகப் பிரிவினை என்றால் அவருக்கும் கொஞ்சம் தெரியும்.

"அவ்வளவுதான் குடுத்தீங்களா?"

"ரெண்டு முழம் கேட்டுச்சுங்க," என்றாள் அவள். "கட்டுப்படியாகாதுன்னுட்டேன்."